விலகிய வயிற்றுத் தசைக்குப் பிசியோதெரபி

பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரத்தில் தாயையும் குழந்தையையும் மருத்துவமனைக்கு வரச் சொல்கிறார்கள். குழந்தையை எடை பார்க்கிறார்கள், பென்டாவேலன்ட் ஊசி போட்டுச் சொட்டு மருந்து தருகிறார்கள். தாய்க்கு இரத்த அழுத்தம் பார்த்து, தையல் ஆறியிருக்கிறதா என்று கவனித்து, உதிரப்போக்கு நின்றதா, பால் போதுமான அளவு சுரக்கிறதா என்று கேட்டு, இரும்புச்சத்து மாத்திரையைத் தொடரச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் ஒரு குழந்தையைத் தாங்கி விரிந்து நின்ற வயிற்றுச் சுவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கையை வைத்துப் பார்ப்பது அந்த வரிசையில் இல்லை. என் இரண்டு பிரசவங்களிலும் இல்லை. நான் விசாரித்த வரையில் என் தோழிகளிலும் உறவுப் பெண்களிலும் யாருக்கும் அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

என் வயிற்றுத் தசைகள் விலகியிருக்கின்றன என்று முதலில் சொன்னவர், இரண்டாவது குழந்தை பிறந்து பல மாதங்கள் கழித்து முதுகுவலிக்காக நான் போய்ப் பார்த்த பிசியோதெரபிஸ்ட்தான். அதன் பிறகு அவரிடம் நீண்ட காலம் பயிற்சி பெற்றேன். பயிற்சிக்கு நடுவே நான் கேட்ட கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்களையும், அந்தப் பதில்களைத் தொடர்ந்து தேடிப் படித்த ஆய்வுகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்தச் சிக்கலைப் பற்றித் தமிழில் தேடினால் பெரும்பாலும் தொப்பையைக் கரைக்கும் வழிகள்தான் கிடைக்கின்றன. தொப்பைக்கும் இதற்கும் உள்ள உறவு மிகக் குறைவு.

வயிற்றின் முன்புறத்தில், விலாவெலும்புகளின் கீழ்ப்பகுதியிலிருந்து இடுப்பின் முன்னெலும்பு வரை, நடுக்கோட்டின் இரு பக்கமும் இரண்டு நீண்ட தசைகள் செங்குத்தாக இறங்குகின்றன. ரெக்டஸ் அப்டாமினிஸ் என்பது மருத்துவப் பெயர். இவ்விரண்டையும் நடுவில் இணைத்து வைத்திருப்பது தசையன்று. லீனியா ஆல்பா என்னும் இணைப்புத் திசுப் பட்டை. வயிற்றின் பக்கவாட்டுத் தசைகளின் உறைகளெல்லாம் முன்னோக்கி வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இடமும் அதுவே. கருப்பை வளர வளர அதன் அழுத்தத்தாலும் கர்ப்பகால ஹார்மோன்களாலும் இந்தப் பட்டை அகலவாக்கில் நீண்டு மெலிகிறது. இரு பக்கத் தசைகளும் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப்போகின்றன. டயாஸ்டாசிஸ் ரெக்டை என்று இதற்குப் பெயர். கேட்டவுடன் எதுவோ கிழிந்துவிட்டதுபோல் தோன்றும். கிழிவதில்லை, நீண்டு தளர்கிறது, அவ்வளவுதான். குடலிறக்கத்தில் சுவரிலேயே ஓர் ஓட்டை விழுகிறது, இதில் ஓட்டை கிடையாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்ட அன்றே என் பயம் பாதியாகக் குறைந்தது.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை பெறாத பெண்ணுக்கும் இந்த இரு தசைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. பிரசவமே ஆகாத பெண்களை அல்ட்ராசவுண்டில் அளந்து 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நெஞ்செலும்பின் அடிமுனையருகே 15 மில்லிமீட்டர் வரையும், தொப்புளுக்கு 3 சென்டிமீட்டர் மேலே 22 மில்லிமீட்டர் வரையும், தொப்புளுக்கு 2 சென்டிமீட்டர் கீழே 16 மில்லிமீட்டர் வரையும் இயல்பென்று கொள்ளலாம் என்றது. ஆகவே இடைவெளி முழுவதும் மூடிப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கே இடமில்லை.

கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை இது யாருக்கோ அபூர்வமாக வரும் கோளாறும் அன்று. 2015இல் வெளியான போர்ச்சுகல் ஆய்வொன்றில், 35ஆவது வாரத்தில் பரிசோதித்த அத்தனை கர்ப்பிணிகளுக்கும் தசைகள் விலகியிருந்தன. பிரசவம் முடிந்து ஆறு மாதம் ஆனபோதும் 39 சதவீதப் பெண்களுக்கு விலகல் நீடித்தது. நார்வேயில் முதற்பிரசவப் பெண்கள் 300 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவமாகி ஆறாவது வாரத்தில் 60 சதவீதமாக இருந்த விலகல் ஆறாவது மாதத்தில் 45 சதவீதமாகவும் ஓராண்டு நிறைவில் 33 சதவீதமாகவும் குறைந்திருந்தது. இரண்டு ஆய்வுகளிலும் அளக்கும் முறையும் வரம்பும் வேறுவேறு என்பதால் எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஆனாலும் போக்கு ஒன்றுதான்: பெரும்பாலோருக்கு உடம்பு தானாகவே கணிசமாகச் சரிசெய்துகொள்கிறது, ஓராண்டு கழித்தும் மூன்றில் ஒருவருக்கு மிச்சம் இருக்கிறது. அதே நார்வே ஆய்வு, தசை விலகியவர்களுக்கும் விலகாதவர்களுக்கும் முதுகுவலியில் வேறுபாடு இல்லை என்றும் சொன்னது. முதுகுவலியோடு போன எனக்கு இந்தச் செய்தி முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. எல்லா வலிக்கும் ஒரே காரணம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியடைந்திருந்தேன். என் பிசியோதெரபிஸ்டோ அந்த நிம்மதிக்கு இடமே கொடுக்கவில்லை. வலிக்குக் குனிந்து பாலூட்டுவதும் தூக்கமின்மையும் இடுப்பைச் சுற்றிய தசைகளின் பலவீனமும் சேர்ந்து காரணமாக இருக்கலாம், விலகல் அவற்றில் ஒன்று மட்டுமே என்றார்.

பரிசோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் சொல்வதுபோல் விரலை வைத்து எண்ணுவதோடு அது முடிவதில்லை. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களைப் படுக்கையில் ஊன்றச் சொன்னார். முதலில் என் மூச்சை மட்டும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு இழுக்கும்போது விலா விரிகிறதா, தோள் மட்டும் ஏறி இறங்குகிறதா என்று. பிறகு விரல்களைத் தொப்புளுக்குச் சற்று மேலே குறுக்காக வைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் மெல்லத் தூக்கச் சொன்னார். தூக்கியபோது விலாவிலிருந்து தொப்புள் வரை நடுவயிற்றில் ஒரு மேடு நீளவாக்கில் எழும்பி நின்றது. அந்த மேட்டின் இரு ஓரங்களிலும் தசை விளிம்புகள் விரலில் தட்டுப்பட, நடுவே விரல்கள் எளிதாக உள்ளிறங்கின. தொப்புளிலும் அதற்குக் கீழேயும் அதையே திரும்பச் செய்தார். எத்தனை விரல் அகலம் என்பதைக் குறித்துக்கொண்டாலும், எவ்வளவு ஆழத்துக்கு விரல் போகிறது, அடியில் ஏதாவது எதிர்த்து நிற்கிறதா என்பதைத்தான் அதிக நேரம் பார்த்தார். என்னுடையதில் எதிர்ப்பே இல்லை. ஈரத் துணிபோலத் தளர்ந்திருந்தது.

அதோடு விடவில்லை. இருமச் சொன்னார், இருமும்போது வயிறு வெளியே தள்ளுகிறதா என்று கவனித்தார். தும்மினாலோ சிரித்தாலோ சிறுநீர் கசிகிறதா என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் கேட்டார். இந்தக் கேள்வியை நம் ஊரில் யாரும் நம்மிடம் கேட்பதில்லை, நாமும் யாரிடமும் சொல்வதில்லை. சானிட்டரி நாப்கின் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுகிறோம். மலச்சிக்கல் உண்டா என்றார். சிசேரியன் தழும்பின் மேல் விரலை வைத்து, தோல் அடித்திசுக்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, நகர்கிறதா என்று பார்த்தார். கடைசியாக, ஓரத்தில் விளையாடிக்கொண்டிருந்த என் மகளைத் தரையிலிருந்து தூக்கச் சொன்னார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, முதுகை வளைத்து, வயிற்றை முன்னே தள்ளித் தூக்கினேன். பயிற்சியில் முதலில் மாற்ற வேண்டியது அதுதான் என்றார்.

தழும்பைப் பற்றிச் சொன்னதால் சிசேரியனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இவ்வளவு பரவலாக இருப்பதாலோ என்னவோ, பிரசவத்துக்குப் பிறகு வயிறு பழையபடி ஆகாததற்கெல்லாம் கத்தியையே காரணம் சொல்லும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. உண்மையில் அடிவயிற்றில் குறுக்காகப் போடப்படும் வழக்கமான கீறலில் தோலும் தசையின் உறையும்தான் வெட்டப்படுகின்றன. ரெக்டஸ் தசைகளைப் பொதுவாக வெட்டுவதில்லை, நடுக்கோட்டில் பிரித்து இரு பக்கமும் ஒதுக்குகிறார்கள். விலகல் அதற்கு வெகு முன்பே, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், நிகழ்ந்து முடிந்திருக்கிறது. சுகப்பிரசவமானவர்களுக்கும் அது வருகிறது. சிசேரியன் ஆனவர்களுக்குத் தழும்பு, வலி, அடிவயிற்று மரத்துப்போதல் ஆகியவற்றால் தசையைச் சுருக்கும் உணர்வு திரும்பி வரச் சற்றுக் கூடுதல் காலம் பிடிக்கிறது.

இனிப் பயிற்சி. பக்கவாட்டிலிருந்து வயிற்றைக் குறுக்காகச் சுற்றியிருக்கும் ஆழமான தசை ஒன்று உண்டு. ட்ரான்ஸ்வர்ஸ் அப்டாமினிஸ் என்பார்கள். மேலே மூச்சை இழுக்க உதவும் உதரவிதானம், கீழே சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள், பின்னே முதுகுத்தண்டை ஒட்டிய சிறு தசைகள், முன்னும் பக்கமும் இந்தக் குறுக்குத் தசை என்று நான்கும் சேர்ந்துதான் வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாங்குகின்றன. இதில் எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்த ஒரு முரண் உண்டு. தலையைத் தூக்கினால் ரெக்டஸ் தசைகள் சுருங்கி இடைவெளி குறைகிறது. குறுக்குத் தசையைச் சுருக்கினாலோ இடைவெளி சிறிதளவு அதிகமாகிறது. அப்படியானால் இடைவெளியைக் கூட்டும் பயிற்சியை எதற்காக மாதக்கணக்கில் செய்ய வேண்டும்?

இதற்கு விடை, கனடாவின் டயேன் லீயும் ஆஸ்திரேலியாவின் பால் ஹாட்ஜஸும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. தலையை மட்டும் தூக்கியபோது தசைகள் நெருங்கினாலும் நடுவிலிருந்த பட்டை தொய்ந்து நெளிந்ததையும், குறுக்குத் தசையை முதலில் சுருக்கிக்கொண்டு தூக்கியபோது இடைவெளி அவ்வளவாகக் குறையாவிட்டாலும் பட்டை நெளியாமல் இழுத்துக் கட்டியதுபோல் நின்றதையும் அவர்கள் அல்ட்ராசவுண்டில் கண்டார்கள். கயிற்றுக்கட்டிலில் கயிறு தொய்ந்துவிட்டால் சட்டங்களை நெருக்கி வைத்துப் பயனில்லை, கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும், அதுபோலத்தான் இதுவும். பட்டை விறைப்பாக நின்றால்தான் ஒரு பக்கத் தசையின் விசை மறு பக்கத்துக்குக் கடத்தப்படும். இரண்டு விரலா இரண்டரை விரலா என்று தினமும் அளந்துகொண்டிருப்பதை நான் நிறுத்தியது இதைப் படித்த பிறகுதான். பிசியோதெரபிஸ்டும் மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் அளக்கவே மாட்டார்.

முதற்கட்டம் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை விலாவுக்குள் இழுத்து, விடும்போது இடுப்புத்தளத்தைச் சிறுநீரை அடக்குவதுபோல் மேல்நோக்கி இழுத்து, கூடவே அடிவயிற்றை மென்மையாக உள்ளே கொண்டுபோக வேண்டும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, சற்றுக் கீழே விரலை அழுத்தி வைத்துக்கொண்டால் தசை இறுகுவது தெரியும். மெதுவாக இறுக வேண்டும். விரலை வெளியே முட்டித் தள்ளினால் மூச்சை அடக்கி முக்குகிறோம் என்று பொருள். "இறுக்க வேண்டாம்மா, மூச்சை விட்டுக்கிட்டே லேசா உள்ள கொண்டு போங்க, பேசிப் பாருங்க, பேச முடியுதா?" என்று கேட்பார். பேச முடிந்தால் சரியாகச் செய்கிறோம். முதல் சில வாரங்கள் எனக்குப் பேச்சு வரவில்லை. இடுப்புத்தளப் பயிற்சியைச் சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது தவறு என்பதையும் அப்போதுதான் கேள்விப்பட்டேன். உணர்வைக் கண்டுபிடிக்க ஓரிரு முறை செய்யலாம், அதையே பயிற்சியாக வைத்துக்கொள்ளக் கூடாது.

இது கைவந்த பிறகு கைகால்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே நிலையில் ஒரு குதிகாலை மட்டும் தரையோடு தரையாக நீட்டி மடக்குவது. டைல்ஸ் தரையில் குதிகாலுக்கு அடியில் ஒரு கைக்குட்டையைப் போட்டுக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு முழங்காலைப் பக்கவாட்டில் சாய்த்து மீட்பது. இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்துவது. சுவரில் கைகளை ஊன்றித் தண்டால் எடுப்பது. நாலு காலில் நின்று, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. கடைசியாகச் சொன்னதைச் செய்ய ஆரம்பித்தவுடன் என் மகள் யானை என்று நினைத்து முதுகில் ஏறிக்கொள்வாள். அவளையும் எடைக்கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். எல்லாப் பயிற்சிக்கும் ஒரே விதிதான்: நடுவயிற்றில் அந்த மேடு எழுகிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்தால் அந்தப் பயிற்சி இப்போதைக்குக் கூடுதல் சுமை. ஒரு படி இறங்கி எளிதானதைச் செய்ய வேண்டும். எழாவிட்டால் ஒரு படி ஏற வேண்டும். ஏறுவதையும் வற்புறுத்தினார். பாதிப் பேர் மூச்சுப் பயிற்சியோடு நின்றுவிடுகிறார்கள், தசைக்குச் சுமை கொடுக்காமல் வலு எங்கிருந்து வரும் என்பது அவருடைய வாதம். ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் கட்டத்துக்கு வந்தபோதுதான் எனக்கே நம்பிக்கை பிறந்தது.

வயிற்றை மடக்கித் தலை, தோள் தூக்கும் பயிற்சி ஒருபோதும் கூடாது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இந்தத் தடை அளவுக்கு மீறியது என்றே நினைக்கிறேன். நார்வேயில் விலகல் உள்ள தாய்மார் 70 பேரை வைத்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேர் தலை தூக்குதல், தோள் தூக்குதல், முறுக்கித் தூக்குதல் ஆகியவற்றை 12 வாரம் செய்தார்கள். இடைவெளி குறையவும் இல்லை, கூடவும் இல்லை. தசை தடித்து வலுவடைந்தது. அதே நாட்டில் நடத்தி 2018இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், 16 வாரம் வகுப்பெடுத்துப் பயிற்சி கொடுத்தும் தசை விலகல் உள்ளவர்களின் விகிதத்தில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. இடைவெளியை மூடிக் காட்டுகிறோம் என்று உறுதிகொடுத்துப் பணம் வாங்குகிறவர்களை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது இந்த முடிவுகளை வைத்துத்தான். பயிற்சி தருவது வலுவையும் அழுத்தத்தைக் கையாளும் பழக்கத்தையும். அகலம் குறைந்தால் அது கூடுதல் லாபம். எனக்குத் தலை தூக்கும் பயிற்சியை ஏழெட்டு மாதம் தள்ளிப்போட்டு, பட்டையில் எதிர்ப்பு வந்த பிறகு சேர்த்தார்கள்.

ஒரு நாளில் பயிற்சிக்கென்று கிடைப்பது கால் மணி நேரம். மீதி நேரமெல்லாம் வீட்டு வேலை. ஆகவே வேலை செய்யும் விதம் மாறாமல் பயிற்சி மட்டும் செய்து பயனில்லை. படுக்கையிலிருந்து நேராக எழும்பாமல் ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். இதைக் கர்ப்ப காலத்திலேயே பழகிக்கொள்வது நல்லது. தரையையொட்டித் தொங்கும் தூளியிலிருந்து குழந்தையை எடுக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் கீழிறங்கி, குழந்தையை நெஞ்சோடு அணைத்து, மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும். கிரைண்டர் கல்லை மாவோடு தூக்குவதை வயிறு தயாராகும் வரை வேறு யாராவது செய்யட்டும். நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதை ஒற்றையாக நகர்த்துவது வீரமில்லை. தண்ணீர்க் குடத்தை ஒரே பக்க இடுப்பில் வைப்பதும், குழந்தையை எப்போதும் ஒரே பக்கம் தூக்குவதும் முதுகுக்கும் வயிற்றுக்கும் சமமில்லாத சுமை.

மலச்சிக்கலைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியம் என்று பூண்டுக் குழம்பும் கருவாடும் சோறும் கொடுக்கும் வீடுகளில், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று தண்ணீரை அளந்து கொடுப்பதும் காய்கறியையும் பழத்தையும் குறைப்பதும் இன்றும் நடக்கின்றன. பாலூட்டும் தாய்க்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவை என்பது ஒரு பக்கம் இருக்க, முக்கி முக்கி மலம் கழிக்கும்போது ஏற்படும் அழுத்தம் முழுவதும் ஏற்கெனவே தளர்ந்துபோன நடுப்பட்டையின் மீதும் இடுப்புத்தளத்தின் மீதும்தான் விழுகிறது. நாள்தோறும் கழிவறையில் இப்படிப் போராடிவிட்டுப் பாயில் படுத்துப் பயிற்சி செய்தால் இடுப்புத்தளத்துக்கு எப்படி ஓய்வு கிடைக்கும்? பூண்டையும் கருவாட்டையும் சாப்பிட்டுக்கொண்டே கீரையும் வாழைப்பழமும் போதுமான தண்ணீரும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இதற்காக அம்மாவிடம் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது.

வயிறு கட்டுவதிலும் அப்படித்தான். பிரசவமான மறுநாளிலிருந்தே பழைய பருத்திச் சேலையைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டாவிட்டால் வாயு சேர்ந்து வயிறு அப்படியே நின்றுவிடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. அதில் வாயு என்ற காரணம் சரியில்லை. கட்டு மட்டும் முழுவதும் தவறன்று. முதல் சில வாரங்களில், குறிப்பாகச் சிசேரியன் ஆனவர்களுக்கு, எழுந்து நடக்கவும் இருமவும் அது ஆதரவாக இருக்கிறது. நடக்கும் தைரியத்தைத் தருகிறது. ஆனால் இடுப்பிலிருந்து மேல்நோக்கி, இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்குக் கட்ட வேண்டும். மூச்சு முட்டும்படி வயிற்றின் நடுவில் இறுக்கினால் அழுத்தம் கீழ்நோக்கி இடுப்புத்தளத்தைத் தாக்கும். சிறுநீர்க் கசிவு உள்ளவர்களுக்கு அது கெடுதல். கடையில் விற்கும் பெல்ட்டுக்கும் இதே கணக்குத்தான். மாதக்கணக்கில் பெல்ட்டைக் கழற்றாமல் இருந்தால் தசை தன் வேலையை மறந்துவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் எச்சரித்தார். அம்மாவின் சேலைக் கட்டு பெல்ட்டைவிட உடம்புக்கு இதமாக இருந்தது என்பதையும், வேர்க்குரு வரவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

தொப்புளருகே ஒரு கட்டி போல் புடைத்து வலித்தாலோ, படுத்தாலும் உள்ளே போகாவிட்டாலோ, அதோடு வாந்தி வந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே அறுவைச் சிகிச்சை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது குடலிறக்கமாக இருக்கலாம். விலகல் மிக அதிகமாக இருந்து, நீண்ட காலம் பயிற்சி செய்தும் அன்றாட வேலைக்கே சிரமம் இருப்பவர்களுக்குத் தசைகளை நடுவில் சேர்த்துத் தைக்கும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்த பிறகே அதைப் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள், அடுத்த கர்ப்பம் தையலை மீண்டும் இழுத்துவிடக்கூடும் என்பதால்.

இவ்வளவும் எத்தனை பெண்களுக்கு எட்டும் என்பது வேறு கேள்வி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. பக்கவாதம், எலும்பு முறிவு, மூட்டுவலி நோயாளிகள் அங்கே நிறைந்திருக்கிறார்கள். பிரசவ வார்டிலிருந்து அங்கே யாரையும் அனுப்பி நான் பார்த்ததில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடியே வருகிறார்கள். தடுப்பூசிக்கு வரும் தாய்க்கு அதே நாளில் ஐந்து நிமிடம் ஒதுக்கி வயிற்றையும் இடுப்புத்தளத்தையும் பற்றி விசாரித்து, தேவைப்படுவோரை அனுப்பிவைப்பது இந்த அமைப்புக்கு முடியாத காரியமாகத் தோன்றவில்லை. பிரான்சில் பிரசவத்துக்குப் பிந்தைய இடுப்புத்தளப் பயிற்சி பொதுக் காப்பீட்டின் செலவிலேயே நடக்கிறது. நம்மிடம் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு கிடைக்கிறது, தனியார் நிறுவனங்களில் சட்டப்படி 26 வாரம். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்கள் மூன்றாவது மாதமே சுமை தூக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தப் பயிற்சி மிகவும் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

என் நிலையைக் கேட்டால், தொப்புளுக்கு மேலே இன்னும் ஏறக்குறைய இரண்டு விரல் அகலம் இருக்கிறது. விரலை அழுத்தினால் அடியில் கெட்டியாக எதிர்க்கிறது. மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுகிறேன். தும்மும்போது கசிவு நின்றுவிட்டது. முதுகுவலி நீண்ட நேரம் உட்கார்ந்து வேலை செய்த நாட்களில் மட்டும் வருகிறது. மிகவும் களைத்திருக்கும் இரவில் தலையைத் தூக்கினால் அந்த மேடு லேசாகத் தெரியும், அன்று எளிய பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்கிறேன். ஓட்டமும் ஸ்கிப்பிங்கும் இன்னும் தொடங்கவில்லை. ஒற்றைக் காலில் பத்து முறை குதித்து, கசிவோ அடிவயிற்றில் கனமோ தெரியாவிட்டால் தொடங்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். வலது காலில் முடிகிறது, இடது காலில் ஆறாவது குதியிலேயே தடுமாறுகிறேன்.